ஸ்பானிஷை இங்கிலீஷ் கீபோர்டில் அடிச்சவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கச்சேரிரோடு:
சென்னையில் உட்கார்ந்து மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்கு ஸ்பானிஷில் பதில் எழுதுற வேலை எனக்கு. ஆபீஸ் கீபோர்டோ சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ். சேர்ந்த புதுசில் உயிரெழுத்துத் தலைமேல போடுற சாய்கோட்டை நான் சட்டையே பண்ணல. படிக்கிறவங்களுக்குப் புரியாதா என்னன்னு ஒரு தெனாவெட்டு.

ஒருநாள் 'அவர் ஆர்டரை ரத்து செய்தார்'னு குறிப்பு எழுதணும். ஸ்பானிஷில் நான், அவர்னு எழுவாய் போடாமலே வாக்கியம் நிக்கும். எல்லாம் வினையோட வாலில்தான் இருக்கு. 'கன்செலோ'வில் கடைசி ஓ மேல கோடு இருந்தா 'ரத்து செய்தார்', இல்லேன்னா 'ரத்து செய்கிறேன்'. நான் கோடு போடல. அந்தப் பக்கத்திலிருந்து, "நீங்க எதுக்கு எங்க ஆர்டரை ரத்து பண்றீங்க?"ன்னு கோபமா மெயில். டீம் லீடர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல.

அன்னைக்கே மானிட்டர் ஓரத்தில் மஞ்சத் தாள் ஒட்டினேன். ஆல்ட்டை அழுத்திக்கிட்டு ஏ-வுக்கு 160, ஈ-க்கு 130, ஐ-க்கு 161, ஓ-வுக்கு 162, யூ-வுக்கு 163, எஞே-வுக்கு (தலையில் அலைக்கோடு போட்ட இங்கிலீஷ் 'என்' எழுத்து) 164. பெரிய எஞே 165. மூணு மாசத்தில் விரலே மனப்பாடம் பண்ணிடுச்சு. அப்புறம் லேப்டாப் கொடுத்தாங்க, வலப்பக்கம் நம்பர் பேடே இல்ல! மேல் வரிசை எண்களை அடிச்சா இந்த வித்தை பலிக்காது. நீங்கல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க? அந்த 130 மட்டும் ஏன் தனியா நிக்குது?

செமிகோலன்:
130-க்குக் காரணம் பழைய ஐபிஎம் பிசியோட எழுத்து அட்டவணை, 437-ன்னு பேரு. அதில் அந்த ஈ முன்னாடியே இடம் பிடிச்சிடுச்சு, மத்தது 160-லிருந்து வரிசையா உட்கார்ந்திருக்கு. 1981-இல் போட்ட வரிசையை இன்னைக்கும் விண்டோஸ் சுமந்துக்கிட்டிருக்கு.

நான் யுஎஸ் இன்டர்நேஷனல் லேஅவுட்டுக்கு மாறினேன். ஒற்றை மேற்கோளை அடிச்சு ஏ அடிச்சா கோடு போட்ட ஏ வரும். ஆனா கோட் எழுதும்போது உயிரை வாங்கும். டேட்டாபேஸ் கேள்வியில் மேற்கோளுக்குள்ள 'ஆக்டிவோ'ன்னு அடிச்சேன், தொடக்க மேற்கோள் காணாமப்போய் முதல் எழுத்துத் தலையில் கோடா ஏறிடுச்சு. எர்ரர் எங்கேன்னு அரைமணி நேரம் தேடினேன். இப்போ ரெண்டு லேஅவுட்டும் வச்சிருக்கேன், விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அமுக்கி மாத்திக்குவேன்.

லோயர்ஹையர்:
நான் வயசானவ, தப்பா இருந்தா திருத்துங்க. மருமகள் ஸ்பெயின்காரி. சம்பந்தியம்மாவுக்கு மெயில் எழுதத்தான் ஸ்பானிஷ் கத்துக்கிறேன். மகன் இதே இன்டர்நேஷனலைப் போட்டுக் கொடுத்தான். மேற்கோளை அடிச்சேன், திரையில் ஒண்ணும் வரல. "கீபோர்டு கெட்டுப்போகலம்மா"ன்னு அவன் ஆரம்பிக்கிறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சிடுச்சு. தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி இப்படித்தானே! புள்ளியை அடிச்சா மெஷின் நகராது. அதே இடத்தில் 'க' விழுந்தா 'க்' ஆகிடும், அப்புறம்தான் நகரும். நகரா விசைன்னு சொல்லுவோம். முதல்ல குறி, பிறகு எழுத்து. எஞே-வுக்கும் அலைக்கோட்டை ஷிப்ட்டோட அடிச்சிட்டு 'என்' எழுத்தை அடிக்கிறேன். தமிழில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணின விரலுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்ல.

மாட்ரிட்வாசி:
இங்க வாங்கின லேப்டாப்பில் எல்-க்குப் பக்கத்திலேயே எஞே இருக்கு, நீங்க செமிகோலன் அடிக்கிற இடத்தில். அந்த ஒரு சாவிக்காக இவங்க சண்டையே போட்டிருக்காங்க. எஞே இல்லாத கீபோர்டை விற்கக் கூடாதுங்கிற விதி தடையில்லா வணிகத்துக்கு இடைஞ்சல்னு 1991-இல் ஐரோப்பியச் சமூகம் சொல்லிச்சு. ஸ்பெயின் விட்டுக்கொடுக்கல. 1993-இல் கலாசாரக் காரணம் காட்டி ஆணை போட்டு எஞே-வைக் காப்பாத்திடுச்சு. எனக்கென்னவோ அது சரின்னுதான் படுது. 'ஞ' அடிக்க முடியாத தமிழ் கீபோர்டை நாம வாங்குவோமா? எஞே இல்லாம 'எனக்கு 30 வயசு'ன்னு எழுதினா வயசு இருக்கிற இடத்தில் ஆசனவாய் வந்து நிக்கும்.

கச்சேரிரோடு:
எல்லாருக்கும் நன்றி. நானும் இன்டர்நேஷனலுக்கு மாறிட்டேன். வாக்கியத் தொடக்கத்தில் வர்ற தலைகீழ் கேள்விக்குறிதான் இத்தனை நாளா பாடாப் படுத்திச்சு. ஸ்பானிஷ் அகாடமி 1754-இல் கொண்டுவந்த வழக்கமாம், அதை எழுத நான் கூகுளில் தேடி காப்பி பண்ணி ஒட்டிக்கிட்டிருந்தேன்! வலப்பக்க ஆல்ட்டோட கேள்விக்குறிச் சாவியை அமுக்கினா வந்துடுது, அதே ஆல்ட்டோட 1 அடிச்சா தலைகீழ் ஆச்சரியக்குறி.

லோயர்ஹையர் அம்மா, ஒரு சந்தேகம். வெறும் மேற்கோள் மட்டும் வேணும்னா என்ன பண்றீங்க?

லோயர்ஹையர்:
மேற்கோளை அடிச்சிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்க. மெஷினில் தனிப் புள்ளி வேணும்னாலும் அதேதான்.