புதுப்பிப்பு: மாதவிடாய் வலியும் அதற்கு முந்தின பதற்றமும்

மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலேயே நெஞ்சு படபடக்கிறது, வந்த பிறகு வலியில் வேலைக்குப் போக முடிவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். டொக்டரிடம் காட்டச் சொன்னீர்கள். மட்டக்களப்பில் காட்டினேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை.

கருப்பையைச் சுருங்க வைக்கும் புரொஸ்டாகிளாண்டின் என்ற, உடலிலேயே சுரக்கும் இரசாயனம்தான் வலிக்குக் காரணமாம். மெஃபனமிக் அமிலக் குளிசை அது சுரப்பதையே குறைக்கிறது. அதனால் வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிராமல், தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. எனக்கு இப்போது வேலைக்குப் போக முடிகிறது.

பதற்றம் முழுதாகப் போகவில்லை. திகதியைப் போனில் குறித்து வைப்பதால், காரணமில்லாமல் அழுகை வரும்போது குழம்புவதில்லை, அவ்வளவுதான். கல்முனை பஸ்ஸில் போகும் நாளில் இன்னும் பயம்தான்.

"எங்கட காலத்தில இதுக்கெல்லாம் டொக்டரா புள்ள?" என்றார் மாமி. சுடுதண்ணிப் போத்தல் நிரப்பித் தருவதும் அவர்தான், சும்மா சொல்லக் கூடாது.

வலி குளிசைக்கும் அடங்காவிட்டால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அது ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். அடுத்த கிளினிக் தை மாதம்.