புள்ளி இல்லாத எபிரேயம்: மாட்டிக்கொண்டவர்கள் பகிருங்கள்

ஹைஃபா அக்கா:
இங்கே இஸ்ரேலில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை. எழுத்தெல்லாம் பேத்தியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கற்றதுதான். மெய்யெழுத்தின் கீழே போடுகிற உயிர்க்குறிகள்: படுத்த கோடு 'அ', மூன்று புள்ளி 'எ', ஒற்றைப் புள்ளி 'இ'. எல்லாம் பிடிபட்டதென்று பஸ் நிறுத்தப் பலகையைப் பார்த்தால் அதில் ஒரு புள்ளிகூட இல்லை! செய்தித்தாளிலும் கிடையாது, மருந்துச் சீட்டிலும் கிடையாது. அந்தக் குட்டியோ கடகடவென்று வாசிக்கிறாள். "இதில் 'அ' எங்கேடா இருக்கு?" என்றேன். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் பலகையைப் பார்த்தாள். கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. அந்த முழி இன்னும் மறக்கவில்லை.

செமினரி தம்பி:
எங்களுக்கு இது வகுப்பிலேயே நடந்தது. ஆதியாகமம் முதல் வசனம் கரும்பலகையில் இருக்கிறது, எல்லோரும் கோரஸாக "பெரேஷித் பாரா எலோஹிம்". ஆசிரியர் துணி நுனியை நனைத்து, பேத் எழுத்தின் வயிற்றுக்குள் இருந்த புள்ளியை மட்டும் ஒற்றி எடுத்தார். 'ப' இப்போது 'வ' ஆகிவிட்டது. அப்புறம் கீழே இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக. கோரஸ் அடங்கிவிட்டது. அந்தக் குறிகளை இன்றைய வடிவில் வைத்தவர்கள் திபேரியா ஊரின் மசோரெத் அறிஞர்கள், அதாவது வேத வாசகத்தைப் பிசகாமல் காத்த யூதப் பண்டிதர்கள். நாங்கள் படிக்கிற பதிப்புக்கு மூலம் 1008-இல் எழுதி முடித்த லெனின்கிராட் சுவடி என்ற எபிரேய வேதாகமக் கையெழுத்துப் பிரதி. எபிரேயத்தில் உயிரெழுத்தே கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஓலைப்பித்தன்:
எருசலேம் மேற்குச் சுவரில், வியாழக்கிழமை காலை. பதின்மூன்று வயதுப் பையன் யூத வேதமான தோரா சுருளை வெள்ளிக் கோலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறான். சுருளில் புள்ளியும் இல்லை, ராகக் குறியும் இல்லை. ஓரிடத்தில் உயிரொலி பிசகியதும் சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் திருத்தினார்கள். பையன் காது சிவந்துபோனது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் செமினரி தம்பி, "உயிரெழுத்தே கிடையாது" என்று ஒரேயடியாகச் சொல்லக் கூடாது. யோத் என்ற மெய்யெழுத்து 'ஈ'க்கும், வாவ் என்ற மெய்யெழுத்து 'ஓ', 'ஊ' இரண்டுக்கும் துணை நிற்கும். நம் ஓலையில் மட்டும் என்ன வாழ்ந்தது? மெய்க்குப் புள்ளி இராது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. வாசிக்காமலா விட்டார்கள்? கற்க நினைப்பவர்கள் முதலில் தாலெத் ('த'), ரேஷ் ('ர') என்ற இரண்டு எழுத்துகளையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தாலெத்துக்கு மூலை கூர்மை, ரேஷுக்கு வளைவு. பிறகு சொல்லின் கடைசியில் உருமாறும் ஐந்து எழுத்துகள். கமாத்ஸ் என்ற உயிர்க்குறி பெரும்பாலும் 'ஆ', சில இடங்களில் 'ஒ'. அதை ஆரம்பத்திலேயே போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சங்கீதங்களைப் புள்ளியோடு சத்தமாக வாசியுங்கள். கையெழுத்து வடிவம் அச்சு வடிவத்தைப் போலவே இராது, அதைத் தனியாகக் கற்க வேண்டும். இன்னொன்று…

செமினரி தம்பி:
அண்ணா, துணை எழுத்து எல்லா இடத்திலும் வராதே. தாவீதின் பெயரையே எடுங்கள். சாமுவேல் புத்தகத்தில் தாலெத், வாவ், தாலெத், மூன்றே எழுத்து. அதில் வாவ் மெய்தான். நாளாகமத்தில்தான் யோத் சேர்கிறது.

ஹைஃபா அக்கா:
நான் பாடம் கேட்கவில்லை, சாமிகளா! ஆனால் தம்பி சொன்ன அதே மூன்று எழுத்து பாட்டி வீட்டு வெந்நீர் பாய்லர் சுவிட்ச் மேலும் இருக்கிறது. வாசிப்பது 'தூத்'. சித்தப்பாவுக்கும் அதே மூன்றுதான், அங்கே 'தோத்'. பாட்டியின் கொழுந்தனார் பெயரும் தாவீத். அவர் குளித்துவிட்டு சுவிட்சை அணைக்காமல் போனதற்குப் பேத்தி சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். அதை வாசித்துச் சொல்ல யாராவது வாருங்கள்.