விண்டோஸ் 3.1: பெயின்ட்ல பிரேக்பாயின்ட் வெச்சா திரும்பத் திரும்ப அங்கயே நிக்குது

மடிவாளா_மணி:
பழைய 486 கம்ப்யூட்டர் ஒண்ணு தேத்தி வெச்சிருக்கேன், விண்டோஸ் 3.1, கோட் எழுத விஷுவல் சி பிளஸ் பிளஸ் 1.52. சும்மா ஆசைக்கு கிராஃப் வரையுற புரோகிராம் ஒண்ணு எழுதுறேன். டபிள்யூஎம்_பெயின்ட்ல (விண்டோவ வரையச் சொல்லி விண்டோஸ் அனுப்புற மெசேஜ்) பிரேக்பாயின்ட் (புரோகிராம நடுவுல நிறுத்துற இடம்) வெச்சா நிக்குது, தொடர்ந்து ஓட எஃப்5 அடிச்சா உடனே மறுபடி அங்கயே நிக்குது, முடிவே இல்ல. இன்னொண்ணு, கொஞ்ச நேரம் ஓட விட்டா சிவப்பு கோடெல்லாம் கருப்பா வருது. இதுல வேலை பாத்த பெருசுங்க யாராவது இருக்கீங்களா?

ஜெயநகர்_மாமா:
பெருசு ஆஜர். தம்பி, முதல் விஷயம் உன் கோட்ல பக் இல்லப்பா. நின்னதும் டீபக்கர் (பக் தேடற புரோகிராம்) முன்னாடி வந்து உன் விண்டோவ மறைக்குது, எஃப்5 அடிச்சா மறைஞ்ச இடம் தெறக்குது, தெறந்தா விண்டோஸ் மறுபடி பெயின்ட் மெசேஜ் அனுப்பத்தான் செய்யும், நீ மறுபடி நிக்கத்தான் செய்வ. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படாம பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. 640க்கு 480ல இடம் பத்தாது, திட்டாத. அதுக்குத்தான் அப்பல்லாம் விஜிஏ கலர் கார்டு கூடவே ஒரு மோனோ (ஒரே நிறத்துல எழுத்து காட்டுற) கார்டும் மானிட்டரும் போட்டு, கோட்வியூங்கற டீபக்கர /2 குடுத்து அந்த ரெண்டாவது மானிட்டர்ல ஓட்டுவோம். மெமரில விஜிஏ கிராஃபிக்ஸ் ஏ0000 முகவரில, மோனோ பி0000ல, ரெண்டும் மோதாது. ஆனா மோனோ 8 பிட் கார்டு, அந்த 128 கேபி ஏரியாவுக்குள்ள ரெண்டும் இருக்கறதால 16 பிட் விஜிஏவயும் 8 பிட்டுக்கு இறக்கணும், ஸ்கிரீன் மெதுவா ஊரும்.

சீரியல்_செல்வி:
மாமா, இப்ப பெங்களூர் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க பூரா அலைஞ்சாலும் மோனோ மானிட்டர் கிடைக்குமாங்கறது டவுட்டுதான் :) என்னக் கேட்டா பெயின்ட்ல பிரேக்பாயின்டே வைக்காதீங்க, அவுட்புட்டீபக்ஸ்ட்ரிங் போட்டு நீங்க வேணுங்கற மெசேஜ பிரிண்ட் பண்ணுங்க. எஸ்டிகேல (விண்டோஸ் புரோகிராம் எழுதறவங்களுக்கான தொகுப்பு) என்2டி.பேட்னு ஒண்ணு இருக்கும், அத ஓட்டினா டீபக் கெர்னல், டீபக் ஜிடிஐனு (ஜிடிஐ விண்டோஸ்ல படம் வரையற பகுதி) தப்ப எடுத்துச் சொல்ற பதிப்பெல்லாம் வந்துரும், மெசேஜ் காம்1 சீரியல் போர்ட்ல கொட்டும், நல் மோடம் கேபிள் (ரெண்டு கம்ப்யூட்டர நேரா இணைக்கற சீரியல் கேபிள்) போட்டு லேப்டாப்ல படிச்சுக்கலாம். அந்தப் பக்கம் கேபிள் இல்லன்னா ஏயுஎக்ஸ்ல (அதே சீரியல் போர்ட்) எழுத முடியலன்னு உயிர வாங்கும், அப்ப மெசேஜ ஸ்கிரீன்லயே காட்டற டிபிவின் போட்டுக்கங்க. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கற கியூஎம்யூ சாஃப்ட்வேர்ல ஓட்டினா சீரியல நேரா ஃபைலுக்கே திருப்பலாம், கேபிளே வேணாம்.

கருப்பு கோடு வேற கதை. ஒவ்வொரு பெயின்ட்லயும் கிரியேட்பென் (கோடு போட புது பென் உருவாக்கறது) பண்றீங்களா? ஜிடிஐ ஹீப் (அதுங்களுக்கான மெமரி) மொத்தமே 64 கேபி, அதையும் எல்லா புரோகிராமும் பங்கு போட்டுக்கணும். நிரம்பினா கிரியேட்பென் பூஜ்யம் தரும், செலக்ட் ஆகாது, டிசில (விண்டோல வரையறதுக்கான செட்டிங்) ஏற்கனவே இருக்கற கருப்பு பென்லயே கோடு விழும். புரோகிராம் மேனேஜர்ல ஹெல்ப், அபௌட் போய் சிஸ்டம் ரிசோர்சஸ் எவ்வளவு மிச்சம்ங்கற சதவீதம் பாருங்க. வரைஞ்சதும் பழைய பென்ன திரும்ப செலக்ட் பண்ணிட்டு, அப்புறம் டெலிட்ஆப்ஜெக்ட் போட்டு நீங்க உருவாக்கின பென்ன அழிச்சிடுங்க.

மடிவாளா_மணி:
பக்கத்துல பக்கத்துல வெச்சதும் லூப் போச்சு, நன்றி மாமா. அக்கா சொன்ன மாதிரியே விண்டோவ இழுத்து பெருசாக்குறப்பல்லாம் சதவீதம் இறங்குது, புரோகிராம மூடினாலும் ஏறல, அது ஏன்?

சீரியல்_செல்வி:
3.1 அப்படித்தான், புரோகிராம் செத்தாலும் அதோட பென், பிரஷ் எல்லாம் ஹீப்லயே கிடக்கும். டீபக் ஜிடிஐ போட்டா மூடறப்ப எதெல்லாம் டெலிட் ஆகலன்னு சொல்லும். விண்டோஸ்லேந்து வெளிய போய்ட்டு திரும்ப வாங்க, ஏறிடும்.

ஜெயநகர்_மாமா:
அடுத்து மவுஸ் டிராகிங் எழுதுவ, இப்பவே சொல்லிடறேன். மவுஸ் பட்டன் அமுக்கற மெசேஜ்ல பிரேக்பாயின்ட் வெச்சு நிறுத்தினா நீ பட்டன விடறது டீபக்கருக்குப் போயிடும், உன் புரோகிராம் இன்னும் அமுக்கிட்டே இருக்கன்னு நெனச்சுக்கும். அங்கயும் செல்வி சொன்ன பிரிண்ட்தான்.