காதுக்குச் சரி, கேமுக்குத் தப்பு: புளூடூத் தாமதத்தை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. யூனிட்டியில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஒரு தாள கேம் செய்துகொண்டிருக்கிறேன். வட்டம் கோட்டைத் தொடும்போது தட்ட வேண்டும், அவ்வளவுதான். வட்டத்தை நகர்த்த, முதலில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) ஆன நேரத்தைக் கூட்டிக் கணக்கு வைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் பாட்டு ஒரு பக்கம், வட்டம் ஒரு பக்கம். டிஎஸ்பி டைமுக்கு, அதாவது ஒலி ஓடும் கடிகாரத்துக்கு, மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது வேறு தலைவலி. ஒயர் ஹெட்போனில் கச்சிதம். என் புளூடூத்தில் ஒலி கிட்டத்தட்ட 200 மில்லிவினாடி பிந்துகிறது. தட்டலை 'பெர்ஃபெக்ட்' என்று ஏற்கும் எல்லையோ முன்பின் 40 மில்லிவினாடிதான். காதை நம்பித் தட்டிய தம்பிக்கு வரிசையாக 'மிஸ்'. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டான்.

'கிடார் ஹீரோ' கேம் மாதிரி கேலிபிரேஷன் (தாமதத்தை முதலிலேயே அளந்து சரிசெய்யும் சோதனை) வைக்கலாம். ஆனால் விளையாட வந்தவரை முதலில் பரீட்சை எழுதவைக்க மனசில்லை. ஆடும்போதே பிசகைக் கணித்துத் திருத்த முடியுமா? பத்துத் தட்டலின் சராசரி போதுமா? ஆண்ட்ராய்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.