காலிறுதியோடு சீசன் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வரை டீமை எப்படிக் கலையாமல் வைத்திருப்பது?

அல்சூர்_மிட்ஃபீல்ட்:
பெங்களூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன், கால்பந்து அணியில் மிட்ஃபீல்ட். ஜூலையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி, மழை பெய்தாலும் விட்டதில்லை. இன்டர்-காலேஜ் போட்டி வந்தது, நாக்-அவுட் (ஒரு மேட்ச் தோற்றால் வெளியே), ஒன்பதே நாளில் எல்லாம் முடிந்தது. முதல் மேட்ச் 3-0, அடுத்தது 1-0 (அதில் ரைட் விங் ஆடும் பையனுக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது), காலிறுதியில் 1-1 ஆகி பெனால்டியில் தோற்றோம். கடைசி பெனால்டி அடித்தவன் எங்கள் சென்டர் பேக், என் பக்கத்துத் தெரு. பந்து மேல் கம்பியில் பட்டு வெளியே போனது. அவன் அங்கேயே சாக்ஸை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான், நாலு பேர் போய்த்தான் எழுப்பினோம். அப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஃபைனல் இயர் ஐந்து பேரும் போகப் போகிறார்கள். மூன்று மேட்சுக்காக வருஷம் முழுக்க வா என்று மற்றவர்களை எப்படிக் கூப்பிடுவது?

கௌதமபுரம்_லெஃப்ட்பேக்:
தம்பி, மூன்று மேட்ச் ஒரு சீசனே இல்லை. பெங்களூர் மாவட்ட லீக்கில் சி டிவிஷன், பி டிவிஷன் என்று கீழ்ப் பிரிவு கிளப்புகள் இருக்கின்றன, உங்கள் பசங்களை இரண்டு இரண்டு பேராக அங்கே சேர்த்துவிடு. லீக்கில் இந்த மேட்சில் செய்த தப்பை அடுத்த மேட்சில் சரி செய்யலாம், நாக்-அவுட்டில் அந்த வாய்ப்பே கிடையாது. 2023-ல் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று ஜெயித்து, 54 வருஷம் கழித்து, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்த கர்நாடக அணியும் கிளப் மேட்ச் ஆடிப் பழகிய பசங்கதான்.

அந்த சென்டர் பேக்கிடம் 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் கதையைச் சொல். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து மேட்ச், எதிரே பிரான்ஸ், நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். அதிலே இரண்டு பெனால்டி வீண். ஒன்றைத் தவறவிட்டது சைலன் மன்னா, இந்தியாவின் பெரிய டிஃபெண்டர்களில் ஒருவர். நம் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார், கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1. நம் ஆட்களுக்கும் அது நாக்-அவுட்தான், ஒரே மேட்சில் ஒலிம்பிக்ஸ் முடிந்தது. அதே மன்னா 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் கேப்டனாக நின்று தங்கம் வாங்கினார். எங்கள் ஏரியாவில் தாத்தாமார்கள் ராமன் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்குப் பந்தே கொடுத்தார்கள்.

பிசியோ_இந்திராநகர்:
ரைட் விங் பையனை அவசரப்பட்டு இறக்காதீர்கள். வலி போனதும் முழு வேகத்தில் ஓடினால் அதே இடத்தில் மறுபடி பிடிக்கும், பெரும்பாலும் முன்னைவிட மோசமாக. மெதுவோட்டம், அப்புறம் பாதி வேகம், அப்புறம்தான் ஸ்பிரின்ட். ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்-அப் முறை இருக்கிறது, இருபது நிமிஷம், காசு கிடையாது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டீமே சேர்ந்து செய்யுங்கள். மண்டியிட்டு, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பின்தொடைக்கு அதுதான் காவல். செயற்கைப் புல்லில் மேட்ச் என்றால் ஷூ அடியில் நீளமான ஸ்டட் (குமிழ்) வேண்டாம், கால் மாட்டிக்கொண்டு முட்டி திரும்பிவிடும்.

பழைய_கீப்பர்:
காலேஜ் தோற்றாலும் எல்லோருக்கும் கதவு மூடவில்லை. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பது தனி, தோற்ற காலேஜ் பசங்களும் போகலாம். அங்கிருந்து தென் மண்டலம், அப்புறம் அகில இந்தியப் போட்டி, அதன் கோப்பைதான் அசுதோஷ் முகர்ஜி கோப்பை. செலக்‌ஷன் தேதியை உங்கள் பி.டி. சார் சொல்லுவார் என்று காத்திருக்காதே, நீயே போய்க் கேள். நான் காத்திருந்து ஒரு வருஷத்தை இழந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை.

அல்சூர்_மிட்ஃபீல்ட்:
எல்லோருக்கும் நன்றி. கௌதமபுரம் அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான், பதில் வரவில்லை. அவன் ஷூ இன்னும் என் பையில்தான் கிடக்கிறது, மண் காய்ந்து ஒட்டியிருந்தது, இப்போதுதான் கழுவி வைத்தேன். சாயங்காலம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். சி டிவிஷன் கிளப்பில் சேர என்னென்ன சான்றிதழ் வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும்?