மறு: ‘ஹெட்ஸ்பேஸ்’ – தலையிடைவெளி வேண்டாம், முட்டுநீளம்?

நண்பர்களே, வணக்கம்.

பழைய ரைபிள் தோட்டாக்களை மறுநிரப்பல் செய்வோருக்கான (சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் இடுவோருக்கான) நம் சொற்பட்டியலில் ‘ஹெட்ஸ்பேஸ்’ என்பதற்கு நேரே ‘தலையிடைவெளி’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் தோட்டாவின் ‘ஹெட்’ என்பது பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) அமரும் அடிப்பக்கம். தமிழில் தோட்டாவின் தலை என்றால் எவரும் குண்டு இருக்கும் முனையைத்தான் நினைப்பார். அப்படி நினைத்தவர் குண்டுக்கும் குழலின் புரிக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பார். ஆபத்தோ மறுமுனையில்.

என் பரிந்துரை ‘முட்டுநீளம்’. போல்ட் என்பது தோட்டாவின் பின்னே அறையை மூடும் தண்டு; அதன் முகத்திலிருந்து, தோட்டா மேற்கொண்டு முன்னே போகாமல் முட்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரம். எங்கே முட்டுகிறது என்பதைச் சொல்லவும் இது வசதி. தோட்டா வகைகளில் .303 பிரிட்டிஷ் விளிம்பு முட்டு, 7×57 மவுசர் தோள் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) முட்டு, .45 ஏசிபி வாய் முட்டு.

---

> என் பரிந்துரை ‘முட்டுநீளம்’.

ஐயா, சொல் நன்று. ‘முட்டு’ என்றால் மோதல் என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் முட்டுக்கொடுத்தல் எல்லோரும் அறிந்த வழக்கு. ‘அறைநீளம்’ என்று முன்பு ஒருவர் சொன்னதை ஏற்க முடியாது. அது தோட்டா அறையின் முழு நீளம், வேறு அளவு.

ஒரு குறை மட்டும். ஆங்கிலச் சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. துப்பாக்கியில் உள்ள அளவும் ‘ஹெட்ஸ்பேஸ்’. தோட்டாவை உள்ளே வைத்து மூடியபின் அதன் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே எஞ்சும் வெளியும் அதே ‘ஹெட்ஸ்பேஸ்’. முன்னது துப்பாக்கியின் குணம். பின்னது ஒவ்வொரு தோட்டாவுக்கும் மாறும். இந்தக் குழப்பத்தை நாமும் தமிழுக்கு இழுத்து வரவேண்டாம். இரண்டாவதற்கு ‘அடித்தளர்வு’ என்கிறேன். துப்பாக்கியின் முட்டுநீளம் 0.070 அங்குலம், தோட்டா விளிம்பின் தடிமன் 0.060 என்றால் அடித்தளர்வு 0.010. ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்.

இந்தப் பிரிவு ஏன் தேவை என்பதற்கு .303 போதும். ஊசி அடித்ததும் தோட்டா முன்னே தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏறும்போது கூட்டின் மெல்லிய முன்சுவர் அறையைப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பகுதி மட்டும் பின்னே நகர்ந்து போல்ட்டில் மோதுகிறது. இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபடுகிறது. .303 சுடும் லீ-என்ஃபீல்டு ரைபிளில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருப்பதால் அழுத்தத்தில் போல்ட் சற்று அமுங்கி, இழுவை இன்னும் கூடும். சுட்ட கூட்டை டையில் (கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) முழு அளவுக்கு இறுக்கினால் தோள் மறுபடி பின்னே போகும், அடுத்த சூட்டில் மறுபடி இழுபடும். சில சுற்றுகளில் அடி தனியே கழன்று, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

---

அடித்தளர்வுக்கு என் வாக்கு. செய்முறைப் பகுதியை இந்த இரு சொற்களால் எழுதிப் பார்த்தேன், நன்றாகவே ஓடுகிறது:

“புதிய கூட்டை முதன்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டால் கூடு போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்கும், அடித்தளர்வு மறையும், அடி இழுபடாமல் தோள் முன்னே விரிந்து அறையின் வடிவம் பெறும். அதன்பின் டையை முழுக்க இறக்காதீர்கள். தோள் 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னே போனால் போதும். வழக்கமான டையில் அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம். ஆகவே 5 பாகைத் திருப்பம் ஏறத்தாழ 0.001. கடைசிக் கட்டத்தில் அரைக்கால் சுற்று என்பதுகூட மிக அதிகம். இப்போது விளிம்புத் தோட்டா தோள் முட்டாக மாறிவிடும். அந்தக் கூடு அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே உரியது.

ஒவ்வொரு முறையும் நிரப்புமுன் நுனி வளைத்த கம்பியால் கூட்டின் உட்சுவரை அடியிலிருந்து மேலே தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டாலோ, வெளியே அடிக்குச் சற்று மேல் பளபளப்பான வளையம் தெரிந்தாலோ அந்தக் கூடு போயிற்று. உடன் சுடப்பட்ட மற்றவற்றையும் ஐயத்தோடு பாருங்கள்.”

இதோடு ஒரு வரி சேர்க்க வேண்டும்: செயல்திறன் என்பது இங்கே கூடுதல் வெடிமருந்து இடுவதல்ல. தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்வதால் குறி சிதறாமல் இருப்பது, கூடு நீண்ட நாள் உழைப்பது. மருந்தளவு, வெளியான அட்டவணையின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.

துப்பாக்கியின் முட்டுநீளமே எல்லை தாண்டியிருந்தால் டையை எப்படித் திருப்பினாலும் பயனில்லை என்பதையும் எழுதுவோம். 4ஆம் எண் லீ-என்ஃபீல்டில் போல்ட் தலை 0 முதல் 3 வரை எண்ணிட்டு வரும்; இருப்பதை நீக்கி நீளமானதைப் பொருத்தி, முட்டுநீளத்தை அளவியால் சோதிக்க வேண்டியது துப்பாக்கிக் கம்மியரின் வேலை.

அந்த அளவிகளுக்கும் பெயர் வேண்டுமே. ‘கோ’, ‘நோ-கோ’ என்பவற்றை ‘மூடும் அளவி’, ‘மூடா அளவி’ என்போமா? .303-க்குப் படைத்துறை அளவில் 0.064 அங்குல அளவியின் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074-இன் மேல் மூடக் கூடாது. பெயரைக் கேட்டதும் எதை எதிர்பார்ப்பது என்று தெரிந்துவிடும்.