பழைய கேம் மெசினில் படம் வருகுதில்லை, உடனே உதவி தேவை

பருத்தித்துறைப் பெடியன்:
வணக்கம். மாமாவின் கடைக்குப் பின்னால் கிடந்த காசு போட்டு விளையாடுகிற கேம் மெசினை நேற்று இழுத்து வெளியே எடுத்தோம். ஒன் பண்ணினால் ஸ்கிறீனில் கலர் கலராகக் கட்டங்கள் வரும், ஒரு செக்கனில் கறுக்கும், திரும்பவும் அதே கட்டங்கள். 5 வோல்ற் சரியாக இருக்கிறது. என்ன பழுது? ஞாயிற்றுக்கிழமை மருமகனின் பிறந்தநாள். ஒழுங்கையில் உள்ள பெடியள் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

ஈயக்கோல்:
என்ன கேம்? உள்ளே என்ன சேர்க்கிட் போட்? படம் எங்கே? டொக்டரிடம் போய் "நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்கிற ஆளா நீர்? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது.

நெல்லியடியான்:
இது பற்றரிதான், அடித்துச் சொல்வேன். பழைய கேம் போட்டில் ஒரு பற்றரி இருக்கும். அது செத்தால் கேமும் செத்தது. மாற்றியும் பிரயோசனமில்லை.

குருநகர் வாடைக்காற்று:
யப்பான் மெசின் என்றால் 100 வோல்ற். எங்கள் 230இல் நேரே செருகினீர்களா?

பருத்தித்துறைப் பெடியன்:
ரான்ஸ்போமர் உள்ளே இருக்கிறது அண்ணை, கொழும்பில் வாங்கும்போதே போட்டுத் தந்ததாம். பெயர் எழுதின தாள் உரிந்துவிட்டது. இரண்டு பேர் அடிபடுகிற கேம், ஆளுக்கு ஆறு பொத்தான். மூன்று போட் ஒன்றின்மேல் ஒன்று. பெரிய சிப்பில் 68000 என்று இருக்கிறது. பற்றரி கண்ணில் படவில்லை.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, நான் இங்கே வந்த புதிதில் இப்படிப்பட்ட கடை ஒன்றில் இரண்டு வருடம் வேலை செய்தேன். மூன்று தட்டு, 68000, ஆறு பொத்தான் என்றால் பெரும்பாலும் 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போட், அல்லது அதன் கள்ளப் பிரதி. நெல்லியடியான் சொல்கிற பற்றரிக் கதை 1993இல் வந்த அடுத்த தலைமுறைக்குத்தான். அது பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வரும். பற்றரி செத்தால், பூட்டி வைத்த புரோகிராமைத் திறக்கிற குறியீட்டுச் சாவி அழிந்துபோகும். உம்முடையது அதுவல்ல.

கறுத்துக் கறுத்து வருகிறது என்றீரே, அது காவல்நாய்ச் சேர்க்கிட்டின் வேலை. புரோகிராம் ஒழுங்காக ஓடினால் அந்த நாயை அடிக்கடி தடவிக்கொண்டிருக்கும். எங்காவது இடறித் தடவ மறந்தால் நாய் எல்லாவற்றையும் றிசெற் பண்ணிவிடும். ஆகவே போட் முழுதாகச் சாகவில்லை, எழும்பி எழும்பி விழுகிறது. 5 வோல்ற்றை எங்கே வைத்து அளந்தீர்?

நெல்லியடியான்:
எதற்கும் பற்றரியையும் ஒருக்கால் பாருங்கள்.

பருத்தித்துறைப் பெடியன்:
பவர் சப்ளையின் முனையில். போட்டைக் கழற்றிவிட்டுத்தான் அளந்தேன், எரிந்துவிடும் என்று பயம். 5.08.

ஈயக்கோல்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதித்துப் பார்த்துவிட்டு, நல்லூர் வரைக்கும் ஓடும் என்று சொல்கிறீர். சுமை இல்லாமல் அளந்த வோல்ற் வோல்ற்றே இல்லை. போட்டில் இருக்கிற 74 தொடர் சின்னச் சிப்புகளுக்கு 4.75 வோல்ற்றுக்குக் கீழே போனால் உத்தரவாதம் கிடையாது.

பழைய றேடியோ:
ஸ்ராண்டில் விட்டு மிதித்த சைக்கிளை இளக்காரமாகச் சொல்ல வேண்டாம். 1990இல் கரண்ட் நின்ற பிறகு யாழ்ப்பாணம் அந்தச் சைக்கிளில்தான் செய்தி கேட்டது. நான் மிதிப்பேன், அப்பா டைனமோ வயரை றேடியோவில் பிடிப்பார். ஒரு டயோட், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுகிற சின்னச் சாமான், போட்டால் போதும்.

ஈயக்கோல்:
ஒரு டயோட்டா? டைனமோவில் வருவது ஏசி. ஒன்று போட்டால் பாதி அலை வீண், செய்தியைவிட இரைச்சல்தான் கூடக் கேட்கும். நாலு டயோட் வேண்டும்.

பழைய றேடியோ:
நாலு டயோட் அப்போது எந்தக் கடையில் விற்றது, நீர் வாங்கி வைத்திருந்தீரா? பெரிய கப்பாசிற்றர் ஒன்று போட்டோம். இரைச்சல் இல்லை.

குருநகர் வாடைக்காற்று:
மிதிப்பதை நிறுத்தினால் செய்தியும் நிற்கும், அதுதான் எனக்கு ஞாபகம். முக்கியமான இடத்தில்தான் கால் களைக்கும்.

ஸ்காபரோ அண்ணை:
டைனமோவுக்கு வேறு இழை திறவுங்கள். தம்பி, போட்டைச் செருகி, ஒன் பண்ணி, மூன்று இடத்தில் அளவும். ஒன்று, சப்ளையின் முனையில். இரண்டு, போட்டின் விளிம்பில்: விரல் மாதிரி வரிசையாக நிற்கிற 56 உலோகப் பட்டிகள் உள்ள கொனெக்ரரில் 1, 2ஆவது விரல் ஏர்த், 3, 4 தான் 5 வோல்ற். மூன்றாவதை எல்லாரும் மறப்பார்கள்: மீற்றரின் ஒரு முனையைச் சப்ளையின் ஏர்த்திலும் மற்றதைப் போட்டின் ஏர்த்திலும் வையும். அங்கே கிட்டத்தட்டப் பூச்சியம் வர வேண்டும். சிவப்பு வயரையே பார்த்துக்கொண்டிருப்போம், கறுப்பு ஏர்த் வயர் பேசாமல் வோல்ற்றைத் தின்றுகொண்டிருக்கும். கைக்குக் கவனம், படக்குழாய்ப் பக்கம் போக வேண்டாம். ஓஃப் பண்ணின பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ற் நிற்கும்.

பருத்தித்துறைப் பெடியன்:
சப்ளையில் 5.03. போட்டில் 4.41. ஏர்த்துக்கும் ஏர்த்துக்கும் இடையில் 0.45.

குருநகர் வாடைக்காற்று:
கடற்கரைக்குப் பக்கத்துக் கடையா? உப்புக் காற்று தம்பி. எங்கள் வீட்டு ரிவி இரண்டும் அதில்தான் போனது.

ஈயக்கோல்:
சப்ளையில் இருக்கிற சின்னத் திருகைத் திருப்பி வோல்ற்றைக் கூட்டிவிடாதீர். நோய் வயரில், மருந்து சப்ளைக்கா? முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடும். போட்டின் விரல்களை ஸ்பிரிற் தொட்ட துணியால் துடையும். அழிறப்பர் போட்டுத் தேய்த்துத் தங்கப் பூச்சை உரிக்கவும் வேண்டாம்.

பழைய றேடியோ:
அழிறப்பரால் நாற்பது வருடமாகத் தேய்க்கிறேன்.

ஈயக்கோல்:
தெரிகிறது.

பருத்தித்துறைப் பெடியன்:
வந்திட்டு!!! கறுப்பு வயர் முனை உள்ளே முழுக்கப் பச்சை. வெட்டிப் புது முனை போட்டேன், இப்போது போட்டில் 4.87. ஆள் நின்று குத்துகிறான், சத்தம் மட்டும் இல்லை. கேக் எடுக்கப் போகிறேன், நன்றி.

ஸ்காபரோ அண்ணை:
சந்தோசம். சத்தத்துக்கு 12 வோல்ற் தேவை, அது 6ஆவது விரலில் வரும். வருகிறதா என்று அளந்து சொல்லும்.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி?

பழைய றேடியோ:
ஒரு டயோட் போதும்.